நாற்பத்து மூன்று வெள்ளி வட்டங்கள்

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் மோசஸ் அவர்களுக்கு எலியாஸ் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நான், உங்கள் தங்கை ஜெபராணி, மகள் ஜெமி மூவரும் இங்கே சுகம். திருப்பத்தூரில் நீங்களும் சுகமாகவே இருப்பீர்கள். இருபத்தெட்டு வருடமாக உங்களைப் பார்க்கிறேன், சுகமில்லாமல் இருந்து பார்த்ததில்லை.

செல்போன் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் போன ஈஸ்டருக்கே வெளியேறிவிட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நீங்கள் இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் ஜெபராணி இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். நேற்று நீங்கள் அதில் போட்டிருந்ததை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ‘மௌனம்’ லாட்ஜில் மாப்பிள்ளை சுவரைக் கிறுக்கிவிட்டாராம், போலீஸ் வந்ததாம், ஜெமிக்கு வேலை போய்விட்டதாம், எல்லோரும் ஜெபித்துக்கொள்ளவும். கீழே கூப்பிய கைகள் மூன்று ஜோடி. நீங்கள் எழுதிய மூன்று செய்திகளில் ஒன்றுதான் உண்மை. தலைமை ஆசிரியர் ஒருவர் முப்பத்து மூன்று மதிப்பெண்ணோடு நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் முழு விவரத்தையும் எழுதுகிறேன்.

முதலில் ‘மௌனம்’ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதை லாட்ஜ் என்று எழுதியிருக்கிறீர்கள். நாயக்கனேரி மலையடிவாரத்தில் புதிதாகக் கட்டியிருக்கும் ஆடம்பர ஹோட்டல் அது. நடத்துகிற கம்பெனிக்கு உலகம் முழுக்கப் பதினோரு ஹோட்டல்கள். ஒவ்வொன்றையும் பார்க்கக் கட்டடக் கலை படிக்கிற பிள்ளைகள் விமானம் ஏறிப் போகிறார்களாம். பன்னிரண்டாவதுதான் நம் ஊரில். தோலுக்குப் பேர் போன ஊர் என்பதால் வரவேற்புக் கூடத்தில் ஒரு சுவர் முழுவதையும் தோலால் மூடலாம் என்று ஒருத்தி யோசனை சொன்னாள். அந்த ஒருத்தி ஜெமி. ஐந்து வருடம் கட்டடக் கலை படிக்க அவள் போனபோது, “மேஸ்திரி வேலைக்கு எதுக்கு மாப்ள அஞ்சு வருஷம்?” என்று நீங்கள் கேட்டீர்களே, அதே ஜெமி.

அவளுக்கு அங்கே ஒப்பந்த வேலைதான். நேற்று திங்கட்கிழமையோடு அது முடிவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, சர்வதேசப் பரிசு ஒன்றுக்காகக் கட்டடத்தைப் பார்வையிட டென்மார்க்கிலிருந்து ஓர் அம்மாள் வருவதாக இருந்தது. சுவர் அவருக்குப் பிடித்தால் ஜெமி நிரந்தரம். பிடிக்காவிட்டால் வீட்டுக்கு. வீட்டுக்கு என்றால் அதற்கப்புறம் எங்கே என்பதையும் நீங்களே முடிவு செய்து வைத்திருந்தீர்கள்: உங்கள் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை வேலை, கூடவே உங்களுக்குத் தெரிந்த ஒரு வரன். அந்த வேலைக்காக நான் உங்களுக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்ல வேண்டியிருக்கும். சனிக்கிழமை நான் ஹோட்டலுக்குள் நுழையும்போது எனக்கிருந்த பயம் இது ஒன்றுதான்.

நாங்கள் ஏன் போனோம் என்றால், திறப்பு விழாவுக்கு முன் கட்டியவர்களின் குடும்பத்தார் ஆளுக்கொரு இரவு தங்கிப் பார்த்துக் குறைகளை எழுதித் தர வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். குறை எழுதுவதற்கு என்னைக் கூப்பிட்டு அறையும் கொடுக்கிறார்கள் என்றதும் நான் மூன்று பேனா எடுத்துக்கொண்டேன்.

வாசலில் கல்லூரி முடித்த பெண் ஒருத்தி சந்தன நிறச் சேலையில் நின்று ஆங்கிலத்தில் வரவேற்றாள். சேலையில் குத்தியிருந்த பட்டையில் சைரா என்று எழுதியிருந்தது. நானும் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். ஐந்து நிமிடம் இருவரும் இங்கிலாந்து போலப் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, “அங்கிள், நீங்க ஷூ கம்பெனி தோல் குடோன் எலியாஸ் சாரா? எங்க வாப்பா அங்கதான் பேக்கிங்ல இருக்காரு. இன்னா அங்கிள், முன்னாடியே சொல்றதில்ல?” என்றாள். அதற்கப்புறம்தான் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைத்தது. அதற்கு முன் கொடுத்தது வெட்டிவேர் ஊறிய ஏதோ ஒரு புகை.

அறையை என்னென்பது. சுவர்களுக்குப் பூச்சு இல்லை, வெறும் சிமெண்ட். ஜெபராணி தடவிப் பார்த்துவிட்டு, “ஏங்க, பாதியில பணம் பத்தாம போயிடுச்சோ? புள்ளைகிட்ட கேக்காதீங்க, சங்கடப்படும்” என்றாள். கதவுக்குக் கைப்பிடி கிடையாது. எது கதவு எது சுவர் என்று கண்டுபிடிப்பது விருந்தினர் பொறுப்பு. கழிப்பறையைத் தேடிச் சுவரைச் சுவராகத் தள்ளிக்கொண்டு போனதில் முதலில் அலமாரி திறந்தது, அடுத்து பக்கத்து அறை திறந்தது, அங்கே ஓர் எலெக்ட்ரீஷியனின் பெற்றோர் இதே வேலையாக எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். குளியலறை கிடைத்தபோது அதற்குக் கூரை இல்லை. வானத்தைப் பார்த்தபடி குளிப்பது ஒரு தியானம் என்று அட்டையில் எழுதியிருந்தது. “மலைமேல ஆடு மேய்க்கிறவனுக்கும் தியானமா?” என்று கேட்டுவிட்டு உங்கள் தங்கை நைட்டியோடு, ஒரு கையில் குடை பிடித்துக் குளித்தாள். இதை நான் குறைப் பட்டியலில் ஒன்பதாவதாக எழுதினேன்.

கட்டில் பக்கத்தில் தடிமனான ஒரு படப் புத்தகம். கம்பெனியின் மற்ற ஹோட்டல்கள். போர்ச்சுகலில் கைவிட்ட கல்குவாரிக்குள் ஒன்று, மொராக்கோவில் மண்ணால் ஒன்று, நார்வேயில் ஏரிமேல் கால் ஊன்றி ஒன்று. இரவுச் சாப்பாட்டுக்கு லாரிச் சக்கரம் அளவு தட்டில் நான்கு கீரை இலை கொண்டுவந்தார்கள். நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். சரித்திரம் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் என் முடிவு இது: மனிதன் குகையிலிருந்து வெளியே வர ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆயின, மறுபடி உள்ளே போக ஓர் இரவுக்கு நாற்பதாயிரம் ஆகிறது. உலகத்தில் எந்த மூலையிலும் குளியலறைக்குக் கதவில்லை.

இனி சுவர் விஷயம்.

பழக்கத்தில் ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்துவிட்டேன். காபி தேடி வரவேற்புக் கூடத்துக்குப் போனேன். ஏழரைக்கு முன் காபி கிடையாதாம், ‘நிதானமான காலை’யாம். ஆறே காலுக்கு வெளிச்சம் வந்தது. அப்போதுதான் சுவரை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். இருபதடி உயரம், அறுபத்து நான்கு முழு எருமைத் தோல்கள், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டு மெழுகு ஏற்றிய தேன் நிறம். கூரையில் வடக்குப் பக்கமாக ஒரு நீளக் கண்ணாடிக் கீற்று விட்டிருந்தார்கள். அதன் வழியாக நிழலே இல்லாத வடக்கு வெளிச்சம் தோல்மேல் நேராக இறங்கியது.

மச்சான், நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வடக்கு ஜன்னலோரம் மேஜை போட்டு, ஒவ்வொரு தோலாக விரித்து, கட்டைவிரலால் தடவி, குறை எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றி வெள்ளி மைப் பேனாவால் ஒரு வட்டம் போடுவேன். வெட்டுகிறவர் அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுவார். ஓரத்தில் தரம் எழுதுவேன். இந்த வேலைக்குப் பெயர் செலக்‌ஷன். ஒரு நாளைக்கு முந்நூறு தோல். மற்றவர்கள் பாக்கெட்டில் மூக்குக் கண்ணாடி இருப்பதுபோல் என் பாக்கெட்டில் அந்தப் பேனா இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் இருக்கும்.

காபி இல்லை, எதிரே தோல், வடக்கு வெளிச்சம். அப்புறம் நடந்ததை நான் செய்தேன் என்று சொல்வதைவிட என் கை செய்தது என்பதே சரி. உண்ணிக் கடி ஒன்று கண்ணில் பட்டது, வட்டம் போட்டேன். முள்கம்பிக் கீறல், வட்டம். சூடு போட்ட தழும்பு, பெரிய வட்டம். மனதுக்குள் நான் உங்களோடு ஒரு பழைய வாக்குவாதத்தில் இருந்தேன். 2004-இல் உங்கள் புது வீட்டுப் பிரதிஷ்டையில் நான் தோல் வாடை போக மூன்று முறை குளித்துவிட்டு வந்து நிற்க, நூறு பேர் முன்னால் “மாப்ள வந்துட்டாரு, காத்துலயே தெரியுது” என்றீர்களே, அதற்குச் சரியான பதில் அன்று காலைதான் கிடைத்தது. பதில் சொல்லி முடித்தபோது பதினோரு தோல் முடிந்திருந்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ‘ரிஜெக்ட்’ என்று எழுதி, கீழே என் இனிஷியலும் போட்டிருந்தேன்.

பின்னால் ஏதோ விழுந்து உடைந்தது. சைரா எனக்காகச் சமையலறையிலிருந்து ரகசியமாகக் கொண்டுவந்த காபிக் கோப்பை. “அங்கிள்... இன்னா அங்கிள் இது?”

ஜெமி ஓடிவந்தாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்பா. இன்னாப்பா பண்ணிட்ட?” அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெபராணி திட்டினாள். “ஊர்ல இருக்கிறவன் குத்தத்தையெல்லாம் வட்டம் போட்டுப் போட்டு வெச்சீங்களே, இப்ப பெத்த பொண்ணு வாழ்க்கையிலயும் போட்டுட்டீங்களா?” என்றாள். மணி ஏழு. தலைமைக் கட்டடக் கலைஞர் மதியழகன் பத்தரைக்குச் சென்னையிலிருந்து வருவார். உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பே உடுத்துகிற மனிதர். சிரித்து ஜெமியே பார்த்ததில்லை.

கைக்குட்டையால் துடைத்தேன். வட்டம் இன்னும் பளபளத்தது. இந்த மையை அழிக்கத் தெரிந்தவர் இந்த ஊரில் ஒரே ஆள்தான்: எங்கள் கம்பெனி ஃபினிஷிங் மாஸ்டர் மஹபூப் பாஷா. தைத்து முடித்த ஷூவில் எஞ்சி நிற்கும் வெள்ளிக் கோட்டை அழிப்பது அவர் பிரிவு. அதாவது நான் போடுவதையெல்லாம் அவர் அழிப்பார். அவரோடு நான் நான்கு வருடமாகப் பேசுவதில்லை. ஜெர்மனிக்குப் போன சரக்கு திரும்பி வந்தபோது, “செலக்‌ஷன்லயே தப்பு” என்று மேனேஜரிடம் சொன்னவர் அவர். தப்பு செலக்‌ஷனில்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

நான் போன் செய்ய மாட்டேன் என்றேன். ஜெபராணி என் போனைப் பிடுங்கி அவளே போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“யாரு?”

“நான்தான்.”

“எலியாஸா? உயிரோட இருக்கியாப்பா? சொல்லு.”

சொன்னேன். மறுமுனையில் இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் நீண்ட நேரம் கேட்டது. “பதினோரு தோலா! அதுவும் ஓட்டல் செவுத்துலயா! கையெழுத்து வேற போட்டியா? யா அல்லா. இரு, வர்றேன். தொடைக்காத. தொடச்சா உள்ள எறங்கிடும்.”

அரை மணியில் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். காவலாளி விடவில்லை. விருந்தினரா, ஊழியரா என்று கேட்டால் பாஷா என்ன சொல்வார்? ஆனால் அன்று காலை உடம்பு பிடித்துவிட ஒரு நிபுணர் சென்னையிலிருந்து வரவேண்டியிருந்தது. பாஷாவின் தோள் பையிலிருந்து எட்டிப் பார்த்த சீசாக்களையும் துணிகளையும் காவலாளி தானே பார்த்து, தானே முடிவு செய்துகொண்டார். பாஷா உள்ளே வரும்போது அவர் கழுத்தில் சம்பங்கி மாலை, கையில் வெட்டிவேர்ப் புகை. “இன்னாப்பா இது, குடிக்கிறதா மோந்து பாக்கிறதா?” என்று கேட்டுக்கொண்டே சுவர்முன் போய் நின்றார். விரலால் தொட்டார். “மெழுகு ஏத்தியிருக்கு. தப்பிச்ச. மெழுகு ஏத்தாத தோலா இருந்தா நீயும் உன் பொண்ணும் இந்நேரம் ஊரை விட்டு ஓடி பாம்பே ரயில்ல இருக்கணும்.”

கிரேப் ரப்பர் என்கிற சொரசொரப்பான கட்டியால் ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும், பஞ்சில் ஒரு சொட்டு மருந்து, மறுபடி மெழுகு. அவர் தேய்க்க, ஜெமி மெழுகு பூச, ஜெபராணி நர்ஸ் ஆதலால் பஞ்சு உருட்டிக் கொடுக்க, சைரா வாசலில் காவல் நிற்க, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு ரப்பரைத் தொட அனுமதியில்லை. நடுவில் பாஷா ஒரு வட்டத்துக்குள் உற்றுப் பார்த்துவிட்டு, “இது உண்ணி இல்லப்பா, கொப்புளம். இப்பவும் தப்பு” என்றார். நான் எண்ணிக்கையை விடாமல் அடுத்த வட்டத்துக்குப் போனேன். பத்து இருபதுக்கு முடிந்தது. சுவர் முன்னைவிடப் பளபளப்பாக இருந்தது. நாற்பத்து இரண்டு வட்டம் அழித்திருந்தோம். நான் போட்டது நாற்பத்து மூன்று என்று ஒரு சந்தேகம். ஆனால் அதற்குள் மதியழகனின் கார் வந்துவிட்டது.

டென்மார்க் அம்மாள் எழுபது வயதுக்காரர், ஐந்தடிக்கும் குறைவு, கையில் துணிப்பை. எல்லோரும் காட்டுகிற இடத்தை அவர் பார்க்கவே இல்லை. மேஜைக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். கதவைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். சுவரண்டை வந்ததும் கட்டைவிரலை அழுத்தி நகர்த்தினார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அவரும் ஒரு செலக்டர். அப்படிப்பட்டவர் பெரிய பித்தளைப் பூ ஜாடிக்குப் பின்னால் குனிந்து பார்க்காமல் இருப்பாரா? குனிந்தார். நிமிர்ந்து, இது என்ன என்று மதியழகனிடம் ஆங்கிலத்தில் கேட்டார். வெள்ளி வட்டம், நாற்பத்து மூன்றாவது. ஓரத்தில் ‘ரிஜெக்ட்’.

மதியழகன் ஜெமியைப் பார்த்தார். ஜெமி வாயைத் திறந்தாள். அவள் ஏதோ பொய் சொல்லித் தன்மேல் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது, ஏனென்றால் சின்ன வயதில் ஜெபராணியிடம் எனக்காக அப்படித்தான் செய்வாள். நான் முன்னே போனேன்.

“நான்தான் போட்டேன்,” என்றேன். இருபத்தெட்டு வருடம் சும்மா கிடந்த எம்.ஏ. ஆங்கிலம் தானாக வந்தது. இது குறையுள்ள தோல், என் மேஜைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன், காலையில் என்னை மறந்து வட்டம் போட்டுவிட்டேன், இதில் என் மகளுக்குச் சம்பந்தமில்லை என்றேன்.

அந்த அம்மாள் அடுத்த தோலைக் காட்டி, இதில் வட்டம் போட்டால் எங்கே போடுவீர்கள் என்று கேட்டார். காட்டினேன். ஏன் என்றார். கழுத்துப் பக்கம் தடித்துக் காய்த்திருக்கிறது, நுகத்தடி உராய்ந்த இடம், வண்டி இழுத்த கடா என்றேன். அடுத்தது? வயிறு தளர்ந்திருக்கிறது, பல கன்று போட்டது. அடுத்தது? நோய்க்குச் சூடு போட்டிருக்கிறார்கள், ஆறிய தழும்பு, ஆகையால் பிழைத்துக்கொண்டது. இப்படியே போய்க்கொண்டிருந்தோம். ஏணி கொண்டுவரச் சொல்லி அந்த அம்மாளே மேலே ஏறிவிட்டார். அறுபத்து நான்கில் ஒன்றுகூடக் குறையில்லாதது இல்லை. முதல் தரம் என்று சொல்ல ஒன்றைத் தேடினேன், மச்சான், என் மகளுக்காகவாவது ஒன்றைத் தேடினேன். இல்லை.

மதியழகன் கறுப்புச் சட்டைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். “ஜெமி, மொத்தமும் ரிஜெக்டா? சப்ளையர் உங்கள ஏமாத்திட்டானா?” என்று தமிழில் கேட்டார்.

“இல்ல சார். ரிஜெக்ட்தான் வேணும்னு கேட்டு வாங்கினேன். டிராயிங்ல எழுதியிருக்கேன், நாலாவது ஷீட். நீங்க சைன் பண்ணியிருக்கீங்க.”

“நானா?”

“குறையில்லாத தோல்ல ஒண்ணுமே தெரியாது சார், ரெக்சின் மாதிரி இருக்கும். சின்னப் புள்ளையில அப்பா வெட்டி எறிஞ்ச பீஸைக் கொண்டாந்து ஒவ்வொண்ணா காட்டுவாரு. இது எதனால, அது எதனாலன்னு. நான் மொத மொத படிச்சது அதைத்தான்.”

அந்த நேரத்தில் கூரைக் கீற்று எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதை நான் மிகக் கவனமாக அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

போலீஸ் வரவில்லை. வந்தது மதிய உணவு. இந்த முறை தட்டில் சாப்பாடு இருந்தது. பரிசு விவரம் ஏப்ரலில்தான் தெரியுமாம், அது கிடைக்கட்டும் கிடைக்காமல் போகட்டும். ஆனால் நேற்று மாலை ஐந்து மணிக்கு ஜெமிக்கு நிரந்தர நியமன உத்தரவு வந்துவிட்டது. மதியழகன் கையெழுத்து. இந்த முறை படித்துவிட்டுப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஜெபராணி உத்தரவைப் பைபிளுக்குள் வைத்தாள், மறுபடி எடுத்துப் படித்தாள், மறுபடி வைத்தாள். நான் நேற்று இரவு ஒன்பது மணிக்குப் படுத்து இன்று காலை ஏழுக்குத்தான் எழுந்தேன். அப்படித் தூங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. எழுந்து முகம் கழுவப் போனபோது குளியலறைக் கதவு எங்கே இருக்கிறது என்று உடனே தெரிந்தது. அதற்குக் கைப்பிடியும் இருந்தது. சற்று நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே உங்கள் ஓவிய ஆசிரியை வேலையைத் தகுதியுள்ள வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வரனையும் அப்படியே. 1996-இல் ஒரே ஆசிரியர் வேலைக்கு நாம் இருவரும் நேர்முகத் தேர்வுக்குப் போனோம். உங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு உங்கள் தங்கை வந்திருந்தாள். வேலை உங்களுக்குக் கிடைத்தது, தங்கை எனக்குக் கிடைத்தாள். இத்தனை நாள் நீங்கள் ஜெயித்ததாக நாம் இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை அவள் பஞ்சு உருட்டிய வேகத்தைப் பார்த்த பிறகு என் கணக்கை மாற்றிக்கொண்டேன். இனி எனக்கு உங்களிடம் கேட்க வேண்டியது எதுவுமில்லை. எந்த உதவியும் வேண்டாம், எந்தச் சிபாரிசும் வேண்டாம். இந்த மாதிரி ஹோட்டல் பக்கம் இனி என் கால் படாது. ஆம்பூரைவிட்டு எங்கும் போவதாகவும் இல்லை. நமக்குள் எழுத வேண்டியதெல்லாம் இத்துடன் எழுதியாயிற்று.

உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆண்டவர் இதுவரை காத்ததுபோல் இனியும் காப்பாராக. என் பங்குக்கு நான் தொந்தரவு செய்ய மாட்டேன். ஜெபராணி அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள், அவளுடையதை மட்டும் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
ப. எலியாஸ், எம்.ஏ.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மதியழகன் போன் செய்தார். போர்ச்சுகல் ஹோட்டலில் புதிதாகத் தோல் சுவர் வைக்கிறார்களாம், தோல் பொறுக்கித் தர மூன்று வாரத்துக்கு என்னை அனுப்பி வைக்க அந்த டென்மார்க் அம்மாள் சொல்லியிருக்கிறாராம். கூட ஒருவரை அழைத்துப் போகலாம்; உங்கள் தங்கை குடையை எடுத்து வைத்துவிட்டாள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில், என்னை நன்கு அறிந்த மதிப்புக்குரியவர்கள் இருவர் பெயர் எழுத வேண்டும். ஒன்று மஹபூப் பாஷா. இன்னொருவராக உங்கள் பெயரை எழுதிவிட்டேன். இந்த மாவட்டத்திலேயே எனக்குப் பேச்சுவார்த்தை உள்ளவர்கள் வேறு யாரும் இல்லை என்பது எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. போலீஸ் விசாரித்தால் எலியாஸ் சாந்தமானவர், யாரிடமும் பகை வைத்துக்கொள்ளாதவர் என்று சொல்லவும். இந்தக் கடிதத்தை மட்டும் அவர்களிடம் காட்ட வேண்டாம்.